சுகர் மாத்திரைக்கு ஆறு மணி நேரம்: வரிசைக் கணக்கு எங்கே உதவும்?

கேட்டவர் உச்சிப்புளி பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர். அவருடைய அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸைப் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போகிறார். காலை 7 மணிக்கு வரிசையில் நின்றால், மாத்திரையோடு வெளியே வர மதியம் 1 மணி ஆகிவிடுகிறது. இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவரைப் பார்க்க மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். தம்பி பொறியியல் மாணவர். 'நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும்' தாளை எழுதித் தேறியவர். "அதில் படித்த சூத்திரம் ஏதாவது எங்கள் அம்மாவுக்கு உதவுமா, அல்லது டாக்டர்களைக் கூட்டுவது ஒன்றுதான் வழியா?" என்று கேட்கிறார். ஆம்புலன்ஸைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

உதவும், தம்பி. டாக்டர்கள் போதாத இடங்கள் நம் கடற்கரையில் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி டாக்டர் பற்றாக்குறையால் வருவதாக எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். ஒரு கவுண்டரின் வேகம் அடுத்த கவுண்டரோடு பொருந்தவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்ய அதிகம் காசு தேவையில்லை. கணக்கும் கொஞ்சம் நம்பிக்கையும் போதும். நம்பிக்கை எதற்கு என்று போகப் போகச் சொல்கிறேன்.

நான் கீழக்கரையில் வளர்ந்தவன், கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சிறுவயதில் எங்கள் தெருவில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். மகன் வளைகுடாவில் இருப்பான், லைன் கிடைக்காது. எத்தனை லைன் போட்டால் எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்ற அந்தக் கேள்வியில்தான் இந்தக் கோட்பாடே பிறந்தது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1909-ல் இதைப் பற்றி முதல் கட்டுரை எழுதினார். நீங்கள் தேர்வில் எழுதிய சூத்திரங்கள் பல அவர் வழியாக வந்தவை. 1952-ல் நார்மன் பெய்லி என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் இதே கணக்கை மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவந்தார். டாக்டரின் ஒரு நிமிடம்கூட வீணாகிவிடக் கூடாது என்ற கவலையில் நோயாளிகளை மொத்தமாக முன்கூட்டியே வரவழைத்து உட்கார வைக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அவர் சொன்ன வழி எளிமையானது. தொடக்கத்தில் இரண்டு பேர் இருக்கட்டும். அதன்பின் ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவராக வரட்டும். டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், கூடமும் நிரம்பாது. எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அது நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

முதலில் சில எண்களைப் பாருங்கள், நீங்கள் படித்த எம்/எம்/1 என்ற ஒற்றை வரிசை மாதிரிதான். ஒரு டாக்டர், ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். டாக்டரின் நேரத்தில் 50 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 80 சதவீதம் நிரம்பினால் 20 நிமிடம். 90 சதவீதம் என்றால் 45 நிமிடம். 95 சதவீதம் என்றால் 95 நிமிடம். கடைசியாகக் கூடியது ஐந்து சதவீத வேலைதான்; காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 'எல்லோரும் ஒரு நிமிடம் ஓய்வில்லாமல் வேலை பார்க்கிறார்கள், அப்படியும் கூட்டம் குறையவில்லை' என்று மருத்துவமனை ஊழியர்கள் வருத்தப்படுவது முழுக்க உண்மை. ஓய்வே இல்லாமல் இருப்பதால்தான் கூட்டம் குறையவில்லை. கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் ஒரு தாமதம் அடுத்தவர் தலையில் விழாமல் கரையும். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் கடலைப் பார்க்க ஒரு வேன் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சாதாரண நாளில் பின்னால் நாலு வண்டி நிற்கும், வேன் கிளம்பியதும் சரியாகிவிடும். ஆடி அமாவாசை அன்று அதே வேன் அதே இரண்டு நிமிடம் நின்றால், வால் மண்டபம் பக்கம் நீண்டுவிடும்.

காத்திருப்பைத் தீர்மானிப்பவை மூன்று என்று ஜான் கிங்மன் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் 1961-ல் ஒரே வாய்பாட்டில் காட்டினார்: எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஒருவருக்கு எவ்வளவு நேரம், வருகையிலும் பார்க்கும் நேரத்திலும் எவ்வளவு ஏற்ற இறக்கம். முதல் இரண்டையும் மாற்ற ஆளும் பணமும் வேண்டும். மூன்றாவதை மாற்ற ஒழுங்கு போதும். மேலே சொன்ன 90 சதவீதக் கணக்கில் வருகையைச் சீராக்கி ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்கினால், டாக்டர் அதே, நோயாளிகள் அதே, 45 நிமிடம் சுமார் 22 நிமிடமாகிவிடும்.

இப்போது உங்கள் அம்மாவின் காலைப் பொழுதுக்கு வருவோம். கணக்குக்காக 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 7 மணிக்கே வந்துவிட்டார்கள். இரண்டு டாக்டர்கள் 8.30-க்கு உட்காருகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருவர் என்றால் இருவரும் சேர்ந்து மணிக்கு 40 பேரைப் பார்ப்பார்கள், 11.30-க்கு முடியும். முதல் ஆள் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார். கடைசி ஆள் நாலரை மணி நேரம். சராசரி 3 மணி நேரம். இதே 120 பேரை அரை மணிக்கு 20 பேராக 8.30, 9.00, 9.30 என்று வரச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் அரை மணியில் முடிந்துவிடும். சராசரிக் காத்திருப்பு கால் மணி நேரம். நடைமுறையில் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும், ஒருவர் பஸ்ஸைத் தவறவிடுவார், அதனால் அரை மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் ஒரு நிமிடம்கூட அதிகமாக உழைக்கவில்லை, முடியும் நேரமும் ஏறக்குறைய அதே 11.30. ஆனால் 120 பேருக்கு ஆளுக்கு இரண்டரை மணி நேரம், மொத்தம் 300 மணி நேரம் மிச்சம். பாசி எடுக்கப் போகிற பெண்ணுக்கும், கருவாடு காயப்போடுகிற பெண்ணுக்கும் அது அரை நாள் வருமானம்.

அப்படியானால் ஏன் யாரும் 9.30-க்கு வருவதில்லை? தாமதமாகப் போனால் சீட்டு முடிந்துவிடும், மாத்திரை தீர்ந்துவிடும், டாக்டர் கிளம்பிவிடுவார் என்ற பயம்தான். ஒருமுறை அப்படி நடந்தாலே போதும், வாழ்நாள் முழுக்க முதல் பஸ்தான். என் தகப்பனாருக்கு அப்படித்தான் ஆனது. ஒரு மருத்துவமனையில் 10 மணிக்குப் போனவரை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் விடிவதற்கு முன்பே போய் வாசலில் உட்கார ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு ஆள் இப்படிச் சரியாகவே முடிவெடுத்து, எல்லோருமாகச் சேர்ந்து அந்த 7 மணிக் கூட்டத்தை உண்டாக்குகிறோம்.

இதற்கான வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. தண்ணீர் கஷ்டம் பார்த்த மாவட்டம் இது. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். நிற்பது குடம்தான், ஆள் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் வந்ததும் அவரவர் குடத்துக்கு அவரவர் முறை. தெருவே அந்த முறையைக் காப்பாற்றும் என்று எல்லோரும் நம்புவதால்தான் அது நடக்கிறது. மருத்துவமனையில் குடத்துக்குப் பதில், மாத்திரை வாங்கும்போதே அடுத்த மாதத் தேதியும் நேரமும் அட்டையில் எழுதித் தரலாம். சுகர், பிரஷர்காரர்கள் எப்போது வருவார்கள் என்பது முப்பது நாளுக்கு முன்பே தெரியும். இவ்வளவு முன்கூட்டித் தெரிகிற கூட்டம் மருத்துவத்தில் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் ஒரு நிபந்தனையை விடவே கூடாது. 10.30 அட்டைக்காரர் 10.30-க்கு வந்தால், 7 மணிக்கே வந்து நிற்கும் வேறு நேர அட்டைக்காரருக்கு முன்னால் அவரைக் கூப்பிட வேண்டும். முதல் வாரத்தில் சத்தம் வரும். அந்த ஒரு வாரத்தில் மனம் இளகிவிட்டால் அடுத்த மாதம் அட்டையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நேரம் குறிக்கும்போது பஸ்ஸைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் நோயாளிகள் ஒவ்வொருவராக வருவார்கள். நம் ஊரில் முப்பது பேராக பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். ஒரு கிராமத்துக்குக் காலையில் இரண்டே பஸ் என்றால் அந்த ஊர்க்காரருக்கு 11 மணி என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் ஷேர் ஆட்டோ கிடைக்கிறவருக்கும் பின் நேரங்கள், தூரத்துக் கிராமங்களுக்கு அவரவர் பஸ்ஸை ஒட்டிய நேரம் என்று ஒதுக்கலாம். நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். விசைப்படகுகள் தொழிலுக்குப் போகிற நாளும் கரையில் நிற்கிற நாளும் வேறு வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து ஆண்கள் வர மாட்டார்கள். தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் ராமேஸ்வரத்தில் தனிக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். கடல் நாள்களில் வர முடியாதவர்களுக்கு முழுப் பரிசோதனை செய்ய அதைவிட நல்ல நேரம் வருடத்தில் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி, அம்மா வெறும் வயிற்றோடு போகிறார் என்பது. வெறும் வயிற்று ரத்தம் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று எடுக்க வேண்டும் என்கிறார்கள். இந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கோட்பாட்டாலும் குறைக்க முடியாது, அது உடம்பின் கணக்கு. அதை எங்கே வைக்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. முதலில் சீட்டு வரிசை, பிறகு பிரஷர், பிறகு லேப் என்று வைத்தால், முதல் ரத்தம் எடுக்கவே 9.30 ஆகலாம். அதுவரை சர்க்கரை நோயாளி பட்டினி. அதன்பின் இரண்டு மணி நேரம், பிறகு இரண்டாவது ரத்தம், பிறகு டாக்டர் வரிசை. லேப்பை மட்டும் 7 மணிக்குத் திறந்து, அட்டையைப் பார்த்தவுடன் ரத்தம் எடுத்து, 'போய் சாப்பிட்டுவிட்டு வாங்க' என்று அனுப்பிவிட்டால், இடையில் வருகிற இரண்டு மணி நேரத்திலேயே பிரஷர் பார்ப்பது, எடை, கால் புண் பரிசோதனை எல்லாம் முடிந்துவிடும். எதைத் தவிர்க்க முடியாதோ அதை முதலில் தொடங்கிவிட்டு, மற்றதை அதன் நிழலில் செய்வது. லேப் ஊழியர் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் போதும்.

சரி, அடுத்து மாத்திரை கவுண்டர். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடியிருப்பீர்கள். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் மொண்டு ஊற்றுகிறவர் நிற்பார். ஏதோ ஒரு கிணற்றில் இடம் குறுகலாக இருக்கும், அங்கே கூட்டம் தேங்கும். அதற்கு முந்தைய கிணற்றில் இன்னொருவரை நிறுத்தி வேகமாக ஊற்றினால் என்ன ஆகும்? தேங்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம் போய்த் தேங்குவோம், அவ்வளவுதான். 22 கிணற்றையும் சுற்றி முடிக்கும் நேரத்தை அந்த ஒரு குறுகல்தான் தீர்மானிக்கிறது.

உங்கள் மருத்துவமனையிலும் சீட்டு, பிரஷர், லேப், டாக்டர், மாத்திரை என்று ஐந்து கிணறுகள். டாக்டர்கள் மணிக்கு 40 பேரை அனுப்புகிறார்கள். மாத்திரை கவுண்டரில் ஒரே மருந்தாளுநர். நாலைந்து வகை மாத்திரையை எண்ணி, அட்டையில் குறித்து, காலை மாலை என்று சொல்லிக் கொடுக்க ஒருவருக்கு 2 நிமிடம். மணிக்கு 30 பேர். 120 பேருக்கு 4 மணி நேரம், 8.30-க்குத் தொடங்கினாலும் 12.30 தாண்டிவிடும். நீங்கள் எழுதிய 1 மணிக்கு இது கிட்டத்தட்டப் பொருந்துகிறது பாருங்கள். இந்த நிலையில் மூன்றாவது டாக்டர் வந்தால் அம்மா 1 மணிக்குத்தான் வெளியே வருவார். டாக்டர் வாசலில் நின்ற கூட்டம் மாத்திரை ஜன்னலுக்கு இடம் மாறியிருக்கும். அங்கே இரண்டாவது கவுண்டர் திறந்தால், அல்லது நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்ற அட்டைப் பட்டியலை வைத்து முந்தின நாள் மதியமே மாத்திரைகளைக் கவரில் போட்டு வைத்துவிட்டால், ஒருவருக்கு அரை நிமிடம் போதும். மருந்து மாறியவர்களுக்கு மட்டும் புதிதாக எடுத்துக் கொடுக்கலாம். எங்கே ஆட்கள் அதிகமாக நிற்கிறார்கள் என்று ஒரு மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாலே குறுகல் எது என்று தெரிந்துவிடும்.

குறுகலான இடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்வேன். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் கண்புரை அறுவைக்குப் போய் வந்த இடம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கினார். அங்கே அறுவை மருத்துவரின் நேரம்தான் அரிது என்று தெரிந்து அதைச் சுற்றியே எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் திரும்பினால் போதும். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளியிடம் பேசிப் புரிய வைப்பது எல்லாம் பயிற்சி பெற்ற மற்றவர்கள். நம் டாக்டர் பெயர், வயது, ஊர் எழுதுவதிலும் பழைய சீட்டைத் தேடுவதிலும் மூன்று நிமிடத்தில் ஒன்றைச் செலவழிக்கிறார் என்றால், அந்த ஒரு நிமிடத்தை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டாலே மூன்றில் ஒரு பங்கு நேரம் திரும்பக் கிடைக்கிறது.

இரண்டு டாக்டர்களுக்கும் வரிசை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பல இடங்களில் ஆண்கள் வரிசை ஒரு டாக்டருக்கு, பெண்கள் வரிசை இன்னொருவருக்கு. தனித்தனியாக உட்காரட்டும், அதில் குறையில்லை. ஆனால் டோக்கன் எண் ஒன்றாக ஓட வேண்டும், எந்த டாக்டர் காலியாகிறாரோ அவரிடம் அடுத்த எண் போக வேண்டும். 90 சதவீதம் நிரம்பிய இரண்டு தனி வரிசைகளில் 5 நிமிடச் சேவைக்கு 45 நிமிடம் காத்திருப்பு என்றால், அதையே ஒரே வரிசையாக்கி இரண்டு டாக்டர்கள் பார்த்தால் சுமார் 21 நிமிடம். ஒரு பக்கம் பத்துப் பேர் நிற்க, இன்னொரு டாக்டர் சும்மா இருக்கும் நிலைமையே வராது. பெண் டாக்டரைத்தான் பார்ப்பேன் என்று ஒரு பெண் சொன்னால் அதை மதித்தே ஆக வேண்டும். அவருடைய எண்ணை மட்டும் நிறுத்தி வைத்து அடுத்தவரை அனுப்பலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, தேர்வில் இதைப் பலர் கோட்டை விடுவார்கள். வேலையின் அளவு மிகவும் வேறுபட்டால் பிரிப்பதுதான் நல்லது. பத்துப் பேரில் ஒன்பது பேர் பழைய மருந்தையே தொடர வந்தவர்கள், ஆளுக்கு 2 நிமிடம். ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வந்தவர், 22 நிமிடம். சராசரி 4 நிமிடம்தான். ஆனால் எல்லோருக்கும் சரியாக 4 நிமிடம் ஆகும் வரிசையைவிட இந்த வரிசையில் காத்திருப்பு மூன்று மடங்குக்கும் மேல். 1930-களில் போலசெக், கின்ச்சின் என்ற கணிதவியலாளர்கள் கண்ட சூத்திரத்தில் ஏற்ற இறக்கத்தின் வர்க்கம் வருவது இதனால்தான். பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருக்கிறவர்களை டாக்டரின் மேற்பார்வையில் ஒரு தனி மேசையில் சீக்கிரமாக அனுப்பிவிட்டு, கால் புண்காரருக்கும் புது நோயாளிக்கும் முழுசாக இருபது நிமிடம் கொடுத்தால் இரண்டு பக்கமும் நன்மை. புண்ணை அவசரமாகப் பார்த்து அனுப்புவதன் விலை கடைசியில் விரலாகவோ காலாகவோ போகும். நெஞ்சுவலி, பாம்புக்கடி, வலை இழுக்கும்போது திருக்கை முள் குத்தி வந்தவர், பிரசவ வலி, இவர்களுக்கெல்லாம் வரிசையே கிடையாது. அதை நம் மக்கள் ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்டு, வருகையையே குறைப்பது. கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு டாக்டர் சம்மதத்தோடு இரண்டு மாத மாத்திரை கொடுத்தால் அவர் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை வருவது ஆறாகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதை நான் ஒரு வசதியாக மட்டும் பார்க்கவில்லை. வரிசைக்காரன் கண்ணில் அது மருத்துவமனைக் கூடத்திலிருந்து ஆட்களை இறக்கி வைக்கும் திட்டம். உங்கள் அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஊர் சுகாதார ஊழியரிடம் முதல் வேலையாகக் கேளுங்கள்.

ஆம்புலன்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது வேறு வகைக் கணக்கு. அங்கே காத்திருக்க முடியாது. வண்டி இல்லையென்றால் இல்லை. எர்லாங்கின் இன்னொரு சூத்திரம் இதற்குத்தான். ஒரு பகுதியில் எந்த நேரத்திலும் சராசரியாக ஒரு வண்டிக்கான வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டி இருந்தால் அழைப்புகளில் பாதிக்கு வண்டி இருக்காது. இரண்டு இருந்தால் ஐந்தில் ஒன்றுக்கு. மூன்று இருந்தால் நூற்றில் ஆறுக்கு. நான்கு என்றால் நூற்றில் ஒன்று, இரண்டுக்கு. 'இரண்டு வண்டி பாதி நேரம் சும்மா நிற்கிறதே, எதற்கு மூன்றாவது?' என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். சும்மா நிற்பதுதான் அதன் வேலை. கடற்கரையில் தூரமும் சுமையைக் கூட்டுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு நோயாளியோடு மதுரைக்குப் போன வண்டி திரும்பி வரும்வரை தீவில் ஒரு வண்டி குறைவு. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததை இந்தக் கண்ணாலும் பாருங்கள். அங்கேயே முடிகிற ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு வண்டியைப் பல மணி நேரம் முன்னதாக ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது.

எப்போது டாக்டர் பற்றாக்குறை உண்மை? ஒரு நாளுக்கு 160 பேரைப் பார்க்க முடிகிற இடத்துக்கு 200 பேர் வந்தால், அட்டை, டோக்கன், குடம் எதுவும் காப்பாற்றாது. தினமும் யாராவது பார்க்கப்படாமல் திரும்புகிறார்களா என்று பாருங்கள். ஆம் என்றால் ஆள் வேண்டும். அரசு டாக்டருக்கு ஓ.பி. மட்டும் வேலையில்லை, வார்டு ரவுண்ட்ஸ், பிரேதப் பரிசோதனை, கோர்ட்டில் சாட்சி எல்லாம் உண்டு. டாக்டர்கள் இருவரும் அரை மணி தாமதமாக உட்கார்ந்தால் 120 பேருக்கும் அரை மணி சேர்கிறது, மொத்தம் 60 மணி நேரம். அவர்கள் மீது கோபப்படுவதைவிட, ரவுண்ட்ஸ் நேரத்தையும் ஓ.பி. தொடங்கும் நேரத்தையும் உண்மையாகவே பிரித்து வைக்கச் சொல்லிக் கேட்பது பலன் தரும்.

எதையும் கேட்பதற்கு முன் அளந்து பாருங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, மணிக்கு வருபவர்களின் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். மணிக்கு 30 பேர் வந்து, கூடத்தில் சராசரியாக 90 பேர் இருந்தால் ஒருவர் 3 மணி நேரம் தங்குகிறார். அது 1 மணி நேரமானால் கூடத்தில் 30 பேர்தான் இருப்பார்கள். புது பெஞ்சும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். அம்மாவோடு போகிற அன்று ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கவுண்டர் முன்னாலும் எத்தனை தலை என்று மட்டும் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். கண்காணிப்பாளரிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு நாள் போதாது. ஒரு திங்கள், ஒரு வாரநடுநாள், அமாவாசையை ஒட்டிய ஒரு நாள் என்று மூன்று நாளாவது வேண்டும். நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளோடு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தைப் பாருங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். 'கூட்டம் அதிகம், நடவடிக்கை எடுங்கள்' என்று எழுதாதீர்கள். '11 மணிக்கு டாக்டர் முன்னால் 8 பேர், மாத்திரை கவுண்டர் முன்னால் 55 பேர். இரண்டாவது கவுண்டர் வேண்டும்' என்பது போல நீங்கள் எண்ணிய எண்களோடு எழுதுங்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு என்ன செய்வது என்று தெரியும். முதலில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால், மாத்திரையை முந்தின நாளே கட்டி வைப்பதைக் கேளுங்கள். அரசாணை தேவையில்லாமல் அடுத்த வாரமே செய்யக்கூடியது அது. நேர அட்டையை அடுத்த மாதம் ஒரு நாளுக்கு மட்டும், நாற்பது பேருக்கு மட்டும் என்று சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை அம்மா போகும்போது சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போகட்டும். 'சுகர், வெறும் வயிறு' என்று சீட்டுக் கவுண்டரிலேயே சொல்லி முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு, உடனே அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும். காலை மாத்திரையை எப்போது போடுவது என்று இந்த முறை டாக்டரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ, வரிசை போனால் போகட்டும் என்று உடனே சர்க்கரையோ மிட்டாயோ வாயில் போட்டுக்கொண்டு நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். நோட்டில் எண்ணியதை எனக்கு அனுப்புங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.